மாணவர்க்கு ஒரு நாள்திட்டம்: சுவாத்தியாயம் காட்டும் வழி

(சுருத பஞ்சமி நாளன்று நடைபெற்ற கல்வி அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பள்ளி என்னும் சொல் நம் முனிவர்கள் உறைந்த இடத்தைக் குறித்தது என்பதை இம்மேடையில் நீங்கள் பன்முறை கேட்டிருக்கிறீர்கள். அதை மீண்டும் கூறி உங்கள் பொழுதைக் கவர நான் விரும்பவில்லை. சுருத பஞ்சமி மே மாதக் கடைசியிலோ ஜூன் மாதத்திலோ வருவது. நம் பள்ளிகளும் அக்காலத்தில்தான் திறக்கின்றன. ஏட்டுக்குப் பூசனை செய்யும் நாளும் பிள்ளைகள் புது ஏடு திறக்கும் நாளும் அருகருகே அமைந்திருக்கின்றன. ஆகவே ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு நாளை எவ்வாறு வகுத்துக்கொண்டு படிப்பது என்பதைப் பற்றி மட்டும் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டேன்.

ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் பெற்றோர் என்னிடம் வந்து, 'ஐயா, பிள்ளைக்கு ஒரு கால அட்டவணை போட்டுக் கொடுங்கள்' என்பார்கள். பணியில் இருந்த காலத்தில் நூற்றுக்கு மேற்பட்ட அட்டவணைகள் எழுதிக் கொடுத்திருப்பேன். அவற்றுள் முற்றிலும் தோற்றுப்போனது என் சொந்த மகளுக்கு எழுதியது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் அவள் பத்தாம் வகுப்பில் சேர்ந்தபோது, காலை 4 மணி தொடங்கி இரவு 10.30 மணி வரை அரைமணிக்கு ஒரு கட்டமாகக் கோடிட்டு, பாடத்திற்கு ஒரு வண்ணம் தீட்டி, அவள் மேசைக்கு எதிரே சுவரில் ஒட்டினேன். பார்ப்பவர் எல்லாரும் பாராட்டினர். பதினோரு நாள் நடந்தது. பன்னிரண்டாம் நாள் விடியலில் நான் சென்று பார்த்தபோது, விளக்கு எரிந்துகொண்டிருக்க, புத்தகம் மடியில் விரிந்து கிடக்க, குழந்தை உட்கார்ந்தபடியே உறங்கிக்கொண்டிருந்தாள். என் தாயார் பின்னால் வந்து நின்றார். நான்காம் வகுப்பைத் தாண்டாதவர் அவர். "பிள்ளைக்கு முனிவர் விரதத்தைக் கொடுத்துவிட்டாயேடா, அது இல்லறத்துப் பிள்ளை அல்லவா?" என்றார்.

அச்சொல் என்னைத் தைத்தது. நம் அறநெறி முனிவர்க்கு மகாவிரதத்தையும் இல்லறத்தார்க்கு அணுவிரதத்தையும் வகுத்திருக்கிறது. இல்லறத்தான் தாங்கக்கூடிய அளவறிந்து வைத்தது அணுவிரதம். மேலும் வாழ்நாள் முழுமைக்கும் ஏற்பதை யமம் என்றும், காலவரையறை செய்துகொண்டு ஏற்பதை நியமம் என்றும் இரத்தினகரண்ட சிராவகாசாரம் பிரித்துக் கூறுகிறது. நான் என் மகளுக்குக் கொடுத்தது மகாவிரதம். அதுவும் யமமாக, ஓராண்டு முழுமைக்கும். பதினைந்து வயதுப் பிள்ளைக்குத் தக்கது பதினைந்து நாள் நியமம். பதினைந்து நாள் நடத்திப் பார்த்து, நடவாததை நீக்கி, நடந்ததை நிறுத்திக்கொண்டு, அடுத்த பதினைந்து நாளுக்கு மீண்டும் எழுதவேண்டும். எழுதுவது பிள்ளையின் கையாக இருக்கவேண்டும்; தந்தையின் வண்ணக்கோலாக இருக்கக்கூடாது.

இன்னொரு பிழையும் அவ்வட்டவணையில் இருந்தது. அதை நான் உணரப் பல ஆண்டுகள் சென்றன. '6 முதல் 7 வரை அறிவியல்' என்று எழுதியிருந்தேன். அறிவியலை என்ன செய்வது? படிப்பது என்பீர்கள். படிப்பது என்றால் என்ன செய்வது? பெரும்பாலான பிள்ளைகள் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு வரிகளின்மேல் கண்ணை ஓட்டுகிறார்கள். நான்கு முறை ஓட்டினால் அந்தப் பக்கம் பழகிய முகம்போல் ஆகிவிடுகிறது. பழகியதைத் தெரிந்தது என்று மயங்கிவிடுகிறார்கள். தேர்வு மண்டபத்தில் புத்தகம் இல்லை; வெள்ளைத்தாள்தான் இருக்கிறது. 'வீட்டில் நன்றாகத்தான் படித்தேன், அங்கே மறந்துவிட்டது' என்று அழும் பிள்ளைகளை ஒவ்வோர் ஆண்டும் பார்த்தேன். அவர்கள் பொய் கூறவில்லை. நேரத்தைச் சொன்ன அட்டவணை செயலைச் சொல்லவில்லை, குறை அங்கேதான்.

அச்செயலைச் சொல்லும் ஒரு சூத்திரம் நம் இல்லங்களிலேயே இருக்கிறது. தத்துவார்த்த சூத்திரத்தின் ஒன்பதாம் அத்தியாயத்தில் உமாசுவாமி ஆசாரியர் அகத்தவம் ஆறனுள் நான்காவதாகச் சுவாத்தியாயத்தை வைக்கிறார். வைத்ததோடு அமையாமல் அதனை ஐந்தாகப் பகுக்கிறார். வாசித்தல், வினவுதல், சிந்தித்தல், பிழையறப் பாடம் செய்தல், பிறர்க்கு எடுத்துரைத்தல் என்பன அவை. வடமொழியில் வாசனா, பிருச்சனா, அனுப்பிரேட்சா, ஆம்னாயம், தர்மோபதேசம் என்பர். ஆன்ம நலத்திற்காகக் கூறப்பட்ட இதனைப் பள்ளிப் பாடத்திற்குப் பொருத்துவது தகுமோ என்று சிலர் ஐயுறலாம். நூலின் நோக்கம் வேறு என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் கற்கும் மனம் ஒன்றே. அது நூலைப் பற்றிக்கொள்ளும் முறையும் ஒன்றே.

வாசித்தலைப் பற்றி நான் அதிகம் கூறவேண்டியதில்லை. நம் பிள்ளைகள் செய்வது அது ஒன்றுதான். அன்று வகுப்பில் நடந்த பாடத்தை அன்று மாலையே ஒருமுறை நிதானமாக வாசித்தால் போதும். நான்கு முறை வேண்டியதில்லை.

வினவுதல் என்பது வாசித்து முடித்ததும் குறிப்பேட்டில் மூன்று வினாக்களை எழுதிக்கொள்வது. புத்தகத்தின் பின்னால் இருக்கும் வினாக்களை அன்று, தனக்கு எழுந்தவற்றை. பத்தாம் வகுப்பு அறிவியலின் முதற்பாடம் இயக்க விதிகள். ஓடும் பேருந்து திடீரென நின்றால் நாம் முன்னால் சாய்கிறோம். அதற்கு நிலைமம் காரணம் என்று பாடம் கூறும். 'அப்படியானால் பேருந்து வளைவில் திரும்பும்போது ஏன் பக்கவாட்டில் சாய்கிறேன்?' என்று ஒரு பிள்ளை எழுதிக்கொண்டால் அப்பாடம் அவளுக்கு உரியதாகிவிட்டது. விடை தெரியவில்லையெனில் மறுநாள் ஆசிரியரைக் கேட்கலாம். மாணவர் வினா கேட்கும் வகுப்பில் ஆசிரியரும் மறுநாள் படித்துவிட்டு வருவார். இது என் அனுபவம்.

சிந்தித்தலுக்குத் தனி நேரம் வேண்டா என்பதே அதன் சிறப்பு. பள்ளிக்கு நடக்கும்போதும், பேருந்தில் செல்லும்போதும், செடிக்கு நீர் ஊற்றும்போதும் அவ்வினாக்கள் மனத்தில் ஊறும். இதற்குத் தேவை ஒன்றுதான்: அந்த இடைவெளிகளைக் கைபேசி பிடித்துக்கொள்ளாதிருக்கவேண்டும். கைபேசியால் நேரம் போகிறது என்று பெற்றோர் வருந்துகிறார்கள். நேரத்தைவிட, மனம் சும்மா இருந்து அசைபோடும் இடைவெளி போய்விடுகிறதே என்பதுதான் என் வருத்தம்.

நான்காவதாகிய ஆம்னாயத்திற்கு இன்றைய நாளின் கதையே சான்று. கிர்நார் மலைக் குகையில் வாழ்ந்த தரசேனாசாரியர், தம்மோடு சுருத ஞானம் மறைந்துவிடலாகாது என்று கருதி இரு முனிவர்களை வரவழைத்தார். அவர்களே புஷ்பதந்தரும் பூதபலியும். பாடம் தொடங்குமுன் அவர்களுக்கு ஒரு தேர்வு வைத்தார். ஒருவர்க்கு ஓர் எழுத்து மிகையான மந்திரத்தையும், மற்றவர்க்கு ஓர் எழுத்துக் குறைந்த மந்திரத்தையும் கொடுத்து ஓதச் செய்தார். ஓதியபோது தோன்றிய தெய்வ வடிவங்கள் குறையுடையனவாக இருந்தன. தெய்வத்திற்கு அங்கக் குறை இராதே, குறை நாம் ஓதிய பாடத்தில்தான் இருக்கவேண்டும் என்று இருவரும் உணர்ந்து, மிகையை நீக்கியும் குறையை நிரப்பியும் மீண்டும் ஓத, வடிவங்கள் செம்மையாகத் தோன்றின. அதன்பின்னரே ஆசாரியர் அவர்களுக்கு உபதேசத்தைத் தொடங்கினார். அவ்வுபதேசமே ஷட்கண்டாகமமாக ஏடேறியது. அவ்விருவருள் பூதபலியார் பின்னர்த் தமிழ்நாடு அடைந்தார் என்று தவளா உரை கூறுவது நமக்குத் தனி மகிழ்ச்சி.

கதையில் நான் காட்ட விரும்புவது ஒன்று. ஆசாரியர் அவர்களை 'ஒப்புவி' என்று கேட்கவில்லை. தம் பாடத்திலுள்ள பிழையைத் தாமே கண்டு திருத்துகிறார்களா என்று பார்த்தார். நம் பிள்ளைகளின் நாளில் இல்லாமற்போனது இதுவே. புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதவேண்டும். எழுதியபின் புத்தகத்தைத் திறந்து, மிகையையும் குறையையும் சிவப்பு மையால் தாமே திருத்தவேண்டும். தமிழில் குறளை அலகிட்டு வாய்பாடு கூறும் வினாவை எடுத்துக்கொள்ளுங்கள். நேரசை, நிரையசை விளக்கத்தைப் பத்து முறை வாசித்தவர் அதில் தவறுவர். பத்துக் குறளைத் தாமே அலகிட்டு, விடையோடு ஒப்பிட்டுத் திருத்தியவர் தவறமாட்டார். கணக்குப் பாடத்தில் இதை நாம் இயல்பாகவே ஏற்றுக்கொள்கிறோம். மற்றப் பாடங்களுக்கும் அதுவே விதி.

பாடம் செய்ததைத் திரும்பவும் தொடவேண்டும். எபிங்கவுஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் பொருளற்ற அசைகளைத் தாமே மனனம் செய்து, எவ்வளவு விரைவில் மறக்கிறோம் என்பதை அளந்து 1885இல் நூலாக வெளியிட்டார். ஆசிரியப் பயிற்சி பெற்றவர்கள் அவர் பெயரை அறிவர். கற்ற முதல் நாளிலேயே பெரும்பகுதி நழுவுகிறது. இடைவெளி விட்டுவிட்டுத் திருப்பிப் பார்ப்பது, ஒரே மூச்சில் பலமுறை பார்ப்பதைவிட நிலைக்கிறது. ஆகவே இன்று எழுதிப் பார்த்ததை மறுநாள் காலையில் ஒருமுறை, வாரக் கடைசியில் ஒருமுறை, மாதம் கழித்து ஒருமுறை நினைவிலிருந்து எழுதினால் மார்ச் மாதத்தில் பதறவேண்டியிராது.

ஐந்தாவது, எடுத்துரைத்தல். இதன் ஆற்றலைப் பவணந்தி முனிவர் கணக்காகவே கூறியிருக்கிறார். நன்னூலின் பொதுப்பாயிரத்தில், ஆசிரியர் கூறியதை எவ்வளவு நன்றாக உட்கொண்டாலும் புலமையில் கால்பங்கே கிட்டும் என்றும், உடன் பயில்வாரோடு பழகுவதால் ஒரு கால்பங்கு கிட்டும் என்றும், எஞ்சிய இரண்டு கால்பங்கும் பிறர்க்கு எடுத்துரைப்பதனால்தான் நிரம்பும் என்றும் அவர் கருத்துரைக்கிறார். தனிப்பயிற்சி வகுப்புகளைத் தேடி அலையும் பெற்றோர், அவ்வளவு பணமும் முதற் கால்பங்குக்கே செல்கிறது என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். பிற்பாதிக்குச் செலவே இல்லை. வீட்டில் பாட்டி இருந்தால் போதும். என் தாயாருக்கு என் மகள் ஒளியியல் பாடத்தைச் சொன்னாள். "கண்ணாடிக் குவளையில் போட்ட கரண்டி ஏன் வளைந்து தெரிகிறது?" என்று கிழவி இடைமறித்துக் கேட்டார். பெண்ணுக்கு விடை கூற இயலவில்லை. அன்றிரவு அவளாகவே புத்தகத்தைத் திறந்தாள். வண்ணம் தீட்டிய என் அட்டவணை செய்யாததை அக்கரண்டி செய்தது. ஊரில் பாட்டியும் நகரத்தில் பேத்தியும் இருக்கும் குடும்பங்களில், நான் குறைகூறிய அதே கைபேசி இதற்குப் பயன்படட்டும்.

இனி இவ்வைந்தையும் நாளில் எங்கே வைப்பது? இங்குதான் நம் குடும்பங்களில் ஒரு சிக்கல் எழுகிறது. அதை மறைக்காமல் பேசவேண்டும்.

வந்தவாசி, செஞ்சி, திண்டிவனம், ஆரணிப் பக்கத்து ஊர்களில் நாம் வளர்ந்த வீடுகளில் பொழுது சாய்வதற்குள் அடுப்பு அணைந்துவிடும். இன்று பிள்ளை பள்ளியிலிருந்து நாலரை மணிக்கு வந்து, ஐந்து மணிக்குத் தனிப்பயிற்சிக்குச் சென்று, எட்டு மணிக்குத் திரும்பி, ஒன்பது மணிக்கு உண்கிறது. 'பத்தாம் வகுப்பு ஐயா, இந்த ஓராண்டு மட்டும்' என்கிறார்கள். அந்த ஓராண்டு பன்னிரண்டாம் வகுப்பு வரை நீள்வதையும், பிறகு கல்லூரி விடுதியோடு நிலைத்துவிடுவதையும் நான் பல வீடுகளில் கண்டிருக்கிறேன். விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளைக் குறைகூற நான் வரவில்லை. அவர்கள் இடர்ப்பாடு வேறு. வீட்டிலிருக்கும் பிள்ளைகளைப் பற்றியே பேசுகிறேன். படிப்புக்காக நியமத்தைக் கைவிடுகிறோம் என்கிறோம். ஆனால் ஒன்பது மணிக்கு வயிறு நிறைய உண்ட பிள்ளை பத்து மணிக்கு என்ன படிக்கும்? நியமமும் போகிறது, படிப்பும் நடக்கவில்லை.

பொழுதோடு உண்பதை மாற்றவியலாத முளையாக அடித்துவைத்துவிட்டு, மற்றவற்றை அதைச் சுற்றிக் கட்டிப் பாருங்கள். நம் பகுதியில் நவம்பர்க் கடைசியில் ஐந்தே முக்கால் மணிக்கு முன்பே கதிரவன் மறைந்துவிடுகிறது; ஜூலையில் ஆறரை மணியும் தாண்டுகிறது. மழைக்காலத்தில்தான் நெருக்கடி. பள்ளி விட்டதும் விளையாட்டு, அதைக் குறைக்கவேண்டா. பிறகு உணவு. விளக்கேற்றிப் பஞ்ச நமஸ்காரம். ஆறரை மணிக்கு அமர்ந்தால் ஒன்பது மணி வரை நடுவே எழுந்து உண்ணவேண்டிய தடை இல்லை. எத்தனை வீடுகளில் எட்டரை மணி உணவு, அதனோடு தொலைக்காட்சி, பிறகு மந்தம் என்று மாலை உடைந்து போகிறது! நம் பிள்ளைகளுக்கு முன்னோர் உடையாத மாலையைக் கொடுத்துச் சென்றிருக்கிறார்கள்.

சாமாயிகத்திற்கு ஒரு முகூர்த்தம், அதாவது இரண்டு நாழிகை, 48 நிமிடம் என்பது நம் வழக்கு. வளரிளம் பிள்ளை மனம் சிதறாமல் அமர்வதற்கும் அது தக்க அளவு என்றே என் வகுப்பறைப் பழக்கம் கூறுகிறது. 6.30 முதல் 7.18 வரை அன்றைய பாடத்தை வாசித்தலும் வினவுதலும். பன்னிரண்டு நிமிடம் எழுந்து நடக்கலாம். 7.30 முதல் 8.18 வரை புத்தகத்தை மூடி எழுதுதல், கணக்கு, திருத்தல். மீண்டும் பன்னிரண்டு நிமிடம். 8.30க்குப் பாட்டியிடமோ தம்பியிடமோ அன்றைய பாடத்தில் ஒன்றை எடுத்துரைத்தல். ஒன்பதரைக்கு உறக்கம். காலை ஐந்தரைக்கு எழுந்தால் எட்டு மணி நேர உறக்கம் ஆகிறது. இவ்வயதுப் பிள்ளைகளுக்கு அதற்குக் குறையலாகாது என்று மருத்துவர்கள் கூறுகின்றனர். காலையில் ஒரே ஒரு முகூர்த்தம், முதல்நாள் எழுதியதை மீண்டும் நினைவிலிருந்து எழுத. அவ்வளவே. மொத்தம் மூன்று மணி நேரத்திற்கும் குறைவு. 'இது போதுமா?' என்பீர்கள். பதினோரு நாளில் நின்றுபோன பத்து மணி நேரத்தைவிட, பத்து மாதம் நடக்கும் மூன்று மணி நேரம் போதும்.

தனிப்பயிற்சி இன்றியமையாதது எனில், பிள்ளையின் பையில் இரண்டாவது உணவு டப்பா இருக்கட்டும். கதிரவன் மறையுமுன் பத்து நிமிடம் வெளியே அமர்ந்து உண்ண ஆசிரியரிடம் இசைவு கேட்கட்டும். பெற்றோர் கேட்பதைவிடப் பிள்ளையே கேட்பது நன்று. கேட்டு மறுத்த ஆசிரியரை நான் இதுவரை கண்டதில்லை. கேட்க வெட்கப்பட்ட பிள்ளைகளைத்தான் கண்டிருக்கிறேன்.

தசலட்சண பருவம் காலாண்டுத் தேர்வை ஒட்டி வரும் ஆண்டுகளில் என்ன செய்வது என்று கேட்கிறார்கள். அப்பத்து நாளில் மாலை முகூர்த்தங்களுள் ஒன்றை ஜினாலயத்திற்குக் கொடுத்துவிடுங்கள். இடைவெளி விட்டுப் படித்து வந்த பிள்ளைக்கு அதனால் ஒன்றும் குறையாது.

உறங்குமுன் ஐந்து நிமிடம் பிரதிக்கிரமணம். இன்று எண்ணியதில் எது நடந்தது, எது நடவாது போயிற்று என்று பிள்ளையே ஒரு வரி எழுதிவைக்கட்டும். அவ்வேட்டைப் பெற்றோர் திறந்து பார்க்கவேண்டா. பார்த்தால் அது மதிப்பெண் பட்டியல் ஆகிவிடும். நாளடைவில் பொய்யும் எழுதப்படும். பதினைந்து நாள் முடிவில் அதைக் கொண்டு பிள்ளை தன் நியமத்தைத் திருத்திக்கொள்ளும்போது, கேட்டால் மட்டும் அருகில் அமருங்கள். மாலையில் 'எத்தனை மணி நேரம் படித்தாய்?' என்று கேட்பதை நிறுத்திவிட்டு, 'இன்று என்ன வினா எழுதினாய்?' என்று கேளுங்கள்.

இறுதியாக அறக்கட்டளைப் பொறுப்பாளர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஓர் அறையும் சமையலறையும் மட்டுமே உள்ள வீடுகளில், தொலைக்காட்சிக்கும் விருந்தினர்க்கும் நடுவே ஆறரை மணிக்கு எங்கே அமர்வது என்று ஒரு மாணவி உரை தொடங்குமுன் என்னைக் கேட்டாள். அவளுக்கு என்னிடம் விடை இல்லை. நாம் அமர்ந்திருக்கும் இம்மண்டபம் விழா நாள்கள் தவிர மற்ற மாலைகளில் பூட்டியே கிடக்கிறது. இரண்டு விளக்கும் இரண்டு மின்விசிறியும் போதும். மேசை வேண்டா, பாயே போதும். ஆறரை முதல் எட்டரை வரை திறந்து வைத்தால், செவ்வாயும் வெள்ளியும் நான் வந்து அமர்கிறேன். ஓய்வு பெற்ற வேறு ஆசிரியர்களும் இவ்வவையில் இருக்கிறார்கள்; அவர்கள் ஏனைய நாள்களைப் பகிர்ந்துகொள்வார்கள் என நம்புகிறேன். வரும் திங்கட்கிழமை சாவியை யாரிடம் பெற்றுக்கொள்வது என்பதை இக்கூட்டம் முடிவதற்குள் தெரிவித்தால், அம்மாணவியிடம் இன்றே கூறி அனுப்பிவிடலாம்.